நாரி நோவும் நாமும்

(நூற்றாண்டு நிறைவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் எமது பாடசாலைப் பிரதான மண்டபத்தில் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் நான் கடைசியாக ஏறியது உயர்தர வகுப்பில் படித்தபோது, ஒரு பரிசளிப்பு விழாவில். அன்று நன்றியுரை சொல்ல வந்து பாதி வசனத்தை மறந்துபோனேன். ஆகவே இன்று தாளில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

செயலாளர் என்னிடம் கேட்டது, "பெண்கள் ஆரோக்கியத்தைப் பற்றி ஒரு அரை மணித்தியாலம் கதையுங்கோ" என்பதுதான். நீரிழிவு, மார்பகப் புற்றுநோய், மாதவிடாய் நிற்கும் காலம் என்று எதையாவது நான் எடுப்பேன் என்று அவ எதிர்பார்த்திருக்கலாம். அவற்றைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். நான் நாரி நோவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் அவ சற்று யோசித்துவிட்டு, "அது எல்லாருக்கும் உள்ளதுதானே" என்றா. அதுதான் நான் அதைத் தெரிவுசெய்ததற்குக் காரணம்.

முதலில் ஒரு சின்ன வேலை. நாரி, கழுத்து, தோள்மூட்டு, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று கடந்த ஒரு வருடத்துக்குள் ஒரு கிழமைக்கு மேலாக நொந்தவர்கள் கையை உயர்த்துங்கள் பார்ப்போம்.

நன்றி. உயர்த்தாதவர்களை எண்ணுவதுதான் சுலபம் போலிருக்கிறது. தோள் பிடித்துப்போய்க் கையை உயர்த்த முடியாதவர்களும் சிலர் இருக்கக்கூடும். சரி, அந்த நோவுக்காக மட்டும் ஒரு வைத்தியரிடம் போனவர்கள்? பாதிக் கைகள் கீழே போய்விட்டன.

எனது வைத்தியசாலையிலும் இதே கதைதான். நீரிழிவுக்கு, பிரஷருக்கு வருவார்கள். மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு எழும்பிக் கதவடிக்குப் போன பிறகு திரும்பி நின்று, "டொக்டர், இன்னொண்டு சொல்ல மறந்துபோனன்" என்பார்கள். அந்த இன்னொன்று அநேகமாக நாரி நோவாகத்தான் இருக்கும். எத்தனை நாளாக என்று கேட்டால், "கடைசிப் பிள்ளை பிறந்த காலந்தொட்டு" என்பார்கள். கடைசிப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது. உலகில் மனிதரை முடங்கவைக்கும் காரணங்களில் முதலிடத்தில் இருப்பது இந்த நாரி நோதான். 2020இல் 61 கோடி 90 இலட்சம் பேருக்கு அது இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதலாக இருக்கிறது.

இனிக் கொஞ்சம் பழைய கதை. எமது காலத்தில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்பு இந்த மைதானத்தில் அணிநடைப் பயிற்சி நடக்கும். ரீச்சர் விசிலோடு வரிசைக்குள் நடந்து வந்து, கூனியிருக்கும் முதுகில் இரண்டு விரலால் தட்டுவா. "நெஞ்சை நிமித்து. நாடியை உள்ளுக்கு எடு." வீட்டுக்குப் போனால் அம்மம்மா, "பொம்பிளைப் பிள்ளை, நிலத்தைப் பார்த்து நட" என்பா. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் உடம்பு வளரத் தொடங்கியதும் நாங்கள் யார் சொல்லையும் கேட்காமல் தோள்களை முன்னுக்கு வளைத்துக்கொண்டோம். புத்தகங்களைப் பையில் வைக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவோமே, நினைவிருக்கிறதா? படிப்பின் மேல் இருந்த ஆசையால் அப்படிப் போகவில்லை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். என் வயதுக்காரருக்கு இன்னொன்றும் உண்டு. மின்சாரம் இல்லாத வருடங்களில் ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சம் கொப்பியில் விழவேண்டும் என்றால் தலையை அதற்குள் கொண்டுபோய் வைக்கவேண்டும். சாதாரணதரப் பரீட்சைக்கு நாங்கள் படித்தது அப்படித்தான்.

ஆகவே கூனியிருக்கிறாய் என்று ஒரு பெண்ணை ஏசுவதற்கு முன்பு, அந்தக் கூன் எங்கிருந்து வந்தது என்று கேட்கவேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

வைத்தியராக வேலை தொடங்கிய காலத்தில் நானும் அந்த ரீச்சரைப் போலத்தான் நோயாளிகளிடம், "நேராக இருங்கோ" என்று சொல்லி அனுப்பினேன். இன்று அப்படிச் சொல்வதில்லை. மிகவும் கூனியிருந்தும் ஒரு நாள் நோ அறியாதவர்கள் உண்டு. அடிமட்டம் போல நிமிர்ந்திருந்தும் நோவால் துடிப்பவர்கள் உண்டு. முள்ளந்தண்டு பிறப்பிலேயே நேர்கோடு கிடையாது. கழுத்தில் முன்னுக்கு, நெஞ்சுக்குப் பின்னால் பின்னுக்கு, நாரியில் திரும்பவும் முன்னுக்கு என்று வளைந்துதான் இருக்கும். முள்ளென்புகளுக்கு இடையில் 23 இடைத்தட்டுகள் இருக்கின்றன. வளர்ந்தவர்களில் அந்தத் தட்டுகளின் உட்பகுதிக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. பஞ்சை நீருக்குள் அமுக்கி விடுவதுபோல, நாங்கள் அசையும்போது அமுங்கியும் விரிந்தும்தான் அவை ஊட்டத்தை எடுத்துக்கொள்கின்றன. ஒரே நிலையில் மூன்று மணித்தியாலம் இருந்தால், அது எவ்வளவு அழகான நிலையாக இருந்தாலும், தட்டுக்கும் பட்டினி, தசைக்கும் களைப்பு. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பி இரண்டு கைகளையும் நாரியில் வைத்துப் பின்னுக்கு ஒருமுறை சாய்ந்துவிட்டு இருப்பது, நாள் முழுக்க விறைத்துக்கொண்டு நிமிர்ந்திருப்பதைவிட நல்லது. கைத்தொலைபேசிக்கும் இதேதான் மருந்து.

அப்படியென்றால் தசை நீட்டும் பயிற்சிகள் எதற்கு? இங்கேதான் நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

உங்கள் பாட்டிமார் நிலத்தில் பாய் போட்டு இருந்தார்கள். திருவலையில் குந்தித் தேங்காய் திருவினார்கள். குந்தியிருந்து அரிவாளில் மீன் வெட்டினார்கள். நாங்கள் கதிரைக்கு மாறிவிட்டோம். குசினி மேசை உயரத்துக்கு வந்துவிட்டது. அது வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் கதிரையில் இருக்கிறவருக்குத் தொடைச் சந்தின் முன்பக்கத் தசையும், தொடையின் பின்பக்கத் தசையும் நாளடைவில் கட்டையாகிப் போகின்றன. தொடையின் பின்தசை இடுப்பென்பின் அடியில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே முடிகிறது. அது இறுகியிருந்தால் நீங்கள் குனியும்போது இடுப்பென்பு முன்னுக்குச் சரியாது. இடுப்பு சரியாவிட்டால் அந்த வளைவு முழுவதையும் நாரிதான் கொடுக்கவேண்டும். வாளியைத் தூக்கக் குனிகிற ஒவ்வொரு முறையும் ஐந்து முள்ளென்புகளும் அவற்றின் தட்டுகளும் அந்த வேலையைச் செய்கின்றன. தசையை நீட்டி இளக்குவதன் பயன் இதுதான். குனிவதை நாரியிலிருந்து இடுப்பு மூட்டுக்கு மாற்ற அது வழிவிடுகிறது.

இனி என்னுடைய கதை. ஐந்து வருடங்களுக்கு முன்பு என் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு, வேலைக்குப் போகுமுன் அவரைக் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றிவிடலாம் என்று போனேன். பக்கத்து வீட்டுத் தம்பி ஆறரைக்கு வந்து உதவுவதாகச் சொல்லியிருந்தார். எனக்குப் பொறுமையில்லை. அப்பாவின் இரண்டு கமக்கட்டுக்குள்ளும் கையைக் கொடுத்து, குனிந்தபடி தூக்கி, அப்படியே இடப்பக்கம் திரும்பினேன். நாரியில் 'சடக்' என்று ஒன்று. அப்பாவைக் கதிரையில் இருத்தியது நினைவிருக்கிறது. நான் நிலத்தில் இருந்தது அதற்குப் பிறகு. இடது காலின் பின்பக்கத்தால் சின்ன விரல் வரைக்கும் நெருப்பு ஓடியது. எந்தத் தட்டு, எந்த நரம்பு என்று நிலத்தில் கிடந்தபடியே எனக்குத் தெரிந்தது. அப்பாவுக்கும் தெரிந்தது. பேச வராத மனிதர், என்னைப் பார்த்து அழுதார்.

அன்று நான் செய்த பிழைகளை எண்ணிப் பார்த்தேன். தனியே தூக்கினேன். பாரத்தை உடம்பிலிருந்து எட்ட வைத்திருந்தேன். குனிந்த நிலையில் திரும்பினேன். அதுவும் படுக்கையை விட்டெழும்பிய கையோடு செய்தேன். இந்தக் கடைசிப் பிழை பலருக்குத் தெரியாதது. இரவில் படுத்திருக்கும்போது தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. காலையில் நாங்கள் மாலையில் இருப்பதைவிட ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு உயரமாக இருப்பது அதனால்தான். பருத்த தட்டு குனியும்போது கூடுதலாக இறுகும். நாட்பட்ட நாரி நோ உள்ளவர்களைக் காலை எழும்பியதும் குனியாமல் இருக்கச் சொல்லிப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 1998இல் வெளிவந்தது. நோ குறைந்தது.

நாங்கள் என்ன செய்கிறோம்? விடிய எழும்பிய உடனே, கட்டை ஈர்க்கு விளக்குமாற்றை எடுத்து, இரண்டாய் மடிந்து முற்றம் கூட்டுகிறோம். கிணற்றில் அள்ளித் தெளிக்கிறோம். முற்றத்தை எட்டு மணிக்குக் கூட்டினாலும் அது முற்றம்தான். முதலில் ஒரு தேநீர், கொஞ்சம் நடை, நின்று செய்யும் குசினி வேலை, பிறகு கூட்டுங்கள். விளக்குமாற்றுக்கு ஒரு நீளக் கம்பைக் கட்டுங்கள். மாமிமார் ஏதாவது சொன்னால் டொக்டர் சொன்னவ என்று என் தலையில் போடுங்கள்.

எனக்கு இடுப்பை மடிக்கக் கற்றுத் தந்தவர் ஓர் இயன் மருத்துவர். இந்தப் பாடசாலையில் எனக்கு எட்டு வகுப்புக் குறைவாகப் படித்த தங்கை. அவ இப்போது பின்வரிசையில் ஒளிந்துகொண்டிருக்கிறா, பெயர் சொல்லக்கூடாது என்று உத்தரவு. முதல் நாள் என்னைக் குனியச் சொல்லிப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்கள் மற்றவைக்குச் சொல்லுறதை உங்கட உடம்பு ஒருநாளும் கேட்கேல்லை" என்றா.

அவ செய்வித்தது மிக எளிது. ஒரு விளக்குமாற்றுக் கம்பை முதுகின் நீளத்துக்கு நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். ஒரு கை கழுத்துக்குப் பின்னால், மற்றக் கை நாரிக்குப் பின்னால். கம்பு மூன்று இடத்தில் தொடும்: பின்தலை, தோள்பட்டைகளுக்கு நடு, இடுப்பென்பின் பின்புறம். இனி முழங்காலைச் சற்று மடக்கி, கதவைப் பின்பக்கத்தால் தள்ளிச் சாத்துவதுபோல இடுப்பைப் பின்னுக்கு விட்டுக் குனிய வேண்டும். மூன்று இடத்திலும் கம்பு தொட்டபடி இருந்தால் தொடைச் சந்தில் மடிகிறீர்கள். கம்பு எங்காவது விலகினால் நாரியிலோ கழுத்திலோ வளைகிறீர்கள். முதல் நாள் எனக்குக் கம்பு அரைவாசி தூரத்திலேயே விலகிவிட்டது. தொடையின் பின்தசை விடவில்லை.

அந்தத் தசைக்கு ஒரு பழைய சீலையோ துவாயோ போதும். மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மடித்துப் பாதத்தை நிலத்தில் வையுங்கள். மற்றக் காலின் பாதத்தில் சீலையைக் கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்து மெல்ல மேலே எடுங்கள். முழங்கால் முழுதாக நிமிரத் தேவையில்லை. தொடையின் பின்னால் இழுவை தெரிந்ததும் நிறுத்தி 20 முதல் 30 வினாடி மூச்சு விட்டுக்கொண்டு பிடியுங்கள். ஆட்டி ஆட்டி இழுக்கக்கூடாது. ஒவ்வொரு காலுக்கும் மூன்று தரம். கரண்ட் அடித்ததுபோலப் பாதம் வரைக்கும் சுள்ளென்றால் அது தசை இல்லை, நரம்பு. உடனே இறக்கிவிடுங்கள்.

தொடைச் சந்தின் முன்தசைக்கு, கட்டிலின் ஓரத்தில் மல்லாந்து படுத்து, உட்பக்கத்து முழங்காலை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு, ஓரத்துக் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுங்கள். முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்கும் இது தோதானது. நெஞ்சுத் தசைக்குக் கதவு நிலை இருக்கிறது: இரண்டு முன்கைகளையும் நிலையின் இரு பக்கத்திலும் ஊன்றி ஓரடி முன்னுக்கு வையுங்கள். புத்தகம் அணைத்த காலத்தில் வளைந்த தோள்கள் மெல்ல மெல்லத்தான் பின்னுக்குப் போகும். எனக்கு எட்டுக் கிழமை எடுத்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். தசையை நீட்டினால் மட்டும் நாரி காப்பாற்றப்படும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். தூக்கும் முறையைப் படிப்பித்தால் மட்டும் வேலைத்தலங்களில் நாரி நோ குறைகிறது என்பதற்கும் ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. இளகின தசைக்குப் பலமும் வேண்டும். கைகளை ஊன்றாமல் கதிரையிலிருந்து பத்துத் தரம் எழும்பி இருங்கள். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்து இடுப்பை மட்டும் உயர்த்தி ஐந்து வினாடி பிடியுங்கள். தினமும் நடவுங்கள். இவை எல்லாவற்றையும்விடப் பெரியது, பாரத்தையே குறைப்பது.

பாரம் என்பது கிலோக் கணக்கு மட்டும் இல்லை, தூரக் கணக்கும்தான். பௌதிகவியல் ரீச்சர் முன்னால் இருக்கிறா, பிழையென்றால் திருத்தட்டும். பத்து லீற்றர் வாளி பத்துக் கிலோ. அதை நாரியிலிருந்து 50 சென்ரிமீற்றர் எட்டப் பிடிக்கிறீர்கள். அதைத் தாங்கும் முதுகுத் தசையோ முள்ளந்தண்டிலிருந்து ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் தள்ளித்தான் இருக்கிறது. ஆகவே அந்தத் தசை நூறு கிலோ அளவுக்கு இழுக்கவேண்டும். அதே வாளியை 25 சென்ரிமீற்றருக்குக் கிட்ட எடுத்தால் இழுவை பாதியாகிறது. குனிந்த உடம்பின் பாரம் இதற்கு மேலதிகம். எல்லாம் சாதகமாக இருக்கும்போதுகூட ஒருவர் தூக்கும் பாரம் 23 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனம் 1991இல் வைத்த கணக்கு. எட்டப் பிடித்தால், நிலத்திலிருந்து எடுத்தால், திரும்பினால் அது இன்னும் குறையும். எங்கள் வீட்டு 12.5 கிலோ காஸ் சிலிண்டர், இரும்பின் பாரமும் சேர்ந்து 25 கிலோ அளவுக்கு வரும். அதைத் தூக்காதீர்கள். சாய்த்து உருட்டுங்கள், இல்லாவிட்டால் கொண்டுவந்த பையனையே உள்ளே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். 25 கிலோ அரிசி மூட்டையை வாசலில் வைத்தே இரண்டு வாளியில் பிரித்து எடுங்கள்.

"உதவிக்கு ஆரைக் கூப்பிடுறது டொக்டர்?" என்று என்னிடம் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி எனக்கு விளங்கும். கணவன் போரில் போனவர், பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் எண்பது வயது அம்மா. இப்படி எத்தனை வீடு. என் அம்மாவும் இந்தப் பாடசாலையின் பழைய மாணவிதான். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து சனம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது எனக்கு 14 வயது. அப்பாவின் சைக்கிளில் அம்மம்மா இருந்தா. ஆகவே அரிசி மூட்டையை அம்மா தோளில் எடுத்தா. அன்று பிடித்த நாரி இன்றும் மழைக்காலத்தில் பிடிக்கிறது. வைத்தியம் பார்க்கலாம் என்று நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். "அண்டைக்கு எல்லாரும்தானே தூக்கினவை" என்பதுதான் பதில். என் நாரி போன பிறகுதான் அம்மா தன்னுடையதைப் பற்றி முதன்முதலாக முழுதாகச் சொன்னா. இரவில் புரண்டு படுக்க முடியாமல் எத்தனை வருடம் இருந்தா என்று எனக்கு, அவவின் வைத்திய மகளுக்கு, அதுவரை தெரியாது.

வீட்டில் படுக்கையாய் இருப்பவரைப் பராமரிக்கிறவர்களுக்குச் சில விஷயம். கட்டிலின் நான்கு காலுக்கும் கீழே உறுதியான மரக்கட்டை வைத்து உங்கள் இடுப்பளவுக்கு உயர்த்துங்கள். அவரை எழுப்பி இருத்தும்போது கால் நிலத்தில் படாத உயரம் என்றால் ஓர் அகலமான படி வேண்டும். படுக்கையில் மேலே நகர்த்த, அவருக்குக் கீழே ஒரு பழைய சீலையை நாலாய் மடித்துப் போட்டு, இரு பக்கத்திலும் இருவர் பிடித்து வழுக்கி எடுங்கள். தூக்கக்கூடாது. எழுப்பும்போது முதலில் பக்கவாட்டில் புரட்டி, காலைக் கீழே விட்டு, பிறகு இருத்துங்கள். கதிரையை அவருடைய பலமான பக்கத்தில், கட்டிலோடு ஒட்டி வையுங்கள். அவருடைய இடுப்பில் ஒரு துணியை இறுக்கமாகக் கட்டி அதைப் பிடியுங்கள். விழுந்த பக்கத்துக் கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்கவேண்டாம், தோள்மூட்டு கழன்றுவிடும். திரும்பும்போது நாரியைத் திருகாமல் பாதத்தை மாற்றி மாற்றி வைத்துத் திரும்புங்கள். இவ்வளவையும் நான் அப்பாவுக்குச் செய்யத் தொடங்கியது என் நாரி போன பிறகு.

ரொரன்ரோவிலும் லண்டனிலும் முதியோர் இல்லங்களில் வேலை செய்யும் அக்காமார் சிலர் நேற்று என்னோடு கதைத்தார்கள். அங்கே தூக்கும் இயந்திரம் இருக்கிறது, ஆனால் அதைக் கொண்டுவந்து மாட்ட நேரம் எடுக்கும் என்பதால் கையாலேயே தூக்கிவிடுவோம் என்றார்கள். அக்கா, அந்த ஐந்து நிமிடத்தை எடுங்கள். நான் மிச்சம்பிடித்த ஒரு மணித்தியாலம் எனக்கு மூன்று மாதமாகத் திரும்பி வந்தது.

பயிற்சி செய்யாமல் நேரே வைத்தியசாலைக்கு வரவேண்டிய நோக்களும் உண்டு. நாரி நோவோடு சிறுநீர் போகாமல் தடைப்படுவது அல்லது அறியாமல் போவது, தொடை நடுவிலும் மலவாசலைச் சுற்றியும் விறைப்பது, கால் பலம் இழப்பது. இவை வந்தால் அன்றைக்கே, அந்த நேரத்திலேயே வரவேண்டும். காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, முன்பு புற்றுநோய் இருந்தது, இரவில் படுத்தாலும் தணியாத நோ, இவற்றையும் தள்ளிப்போட வேண்டாம்.

அறுபது தாண்டிய அம்மாமாருக்கு ஒன்று. உயரம் குறைந்து முதுகு மேலே கூனிக்கொண்டு வந்தால் அது பழக்கத்தால் வந்த கூன் என்று நினைத்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள். என்பு ஐதாகி முள்ளென்பு நசிந்திருக்கலாம். சின்ன விழுக்காடு, சில வேளை ஒரு இருமல்கூடப் போதும். அதற்கு மருந்து உண்டு. குனிந்து காலைத் தொடும் பயிற்சி அவர்களுக்குக் கூடாது.

ஸ்கானைப் பார்த்துப் பயந்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். "தட்டுத் தேய்ஞ்சு போச்சுதாம்." ஒரு நோவும் இல்லாதவர்களை எடுத்துப் பார்த்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, 20 வயதினரில் நூற்றுக்கு 37 பேருக்கும், 80 வயதினரில் 96 பேருக்கும் தட்டுத் தேய்வு தெரிந்தது. தலைமயிர் நரைப்பதுபோல அதுவும் ஒன்று. தேய்வு என்ற சொல்லைக் கேட்டுக் கட்டிலில் படுத்துவிடாதீர்கள். சாதாரண நாரிப் பிடிப்புக்கு நீண்ட படுக்கை ஓய்வு கெடுதல். முடிந்த அளவுக்கு நடமாடுகிறவர்தான் கெதியாகச் சுகப்படுகிறார்.

கடைசியாகச் சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். காலையில் மேல்மாடி வகுப்புகளைப் போய்ப் பார்த்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வாங்குகள் நாங்கள் இருந்தவை போலவே தெரிகின்றன. குட்டைப் பிள்ளைக்குக் கால் தொங்குகிறது, நெட்டைப் பிள்ளைக்கு முழங்கால் மேசையில் இடிக்கிறது. பள்ளிப் பையை ஒரு பிள்ளையிடம் வாங்கித் தூக்கிப் பார்த்தேன். ரியூசன் கொப்பிகளும் சேர்ந்து என் கைக்கே பாரமாக இருந்தது. நூற்றாண்டு நிதியில் ஒரு நுழைவாயில் வளைவு கட்டும் யோசனை இருப்பதாக அறிகிறேன். அதற்கு முன்பு இரண்டு உயரங்களில் மேசை கதிரையும், வகுப்பில் புத்தகங்களை வைத்துவிட்டுப் போகப் பூட்டுள்ள அலுமாரியும் வாங்க முடியுமா என்று செயற்குழு யோசிக்கவேண்டும். என் பங்கை நான் இன்றே செயலாளரிடம் கொடுத்துவிட்டேன்.

அரை மணித்தியாலம் தாண்டிவிட்டது. நீங்களும் அவ்வளவு நேரம் ஒரே இருப்பில் இருந்துவிட்டீர்கள், அது என் பிழை. எல்லோரும் எழும்புங்கள். கைகளை நாரியில் வைத்து மெல்லப் பின்னுக்குச் சாயுங்கள். தேநீர் வாசல் பக்கம் இருக்கிறது. விளக்குமாற்றுக் கம்புகள் ஐந்து கொண்டுவந்து மேடைக்குக் கீழே சாத்தி வைத்திருக்கிறேன். பின்வரிசைத் தங்கையும் நானும் அங்கே நிற்போம். யாரும் வந்து முதுகில் வைத்துக் குனிந்து பார்க்கலாம். முதலாவதாக வர அம்மா சம்மதித்திருக்கிறா.